இரவல் வயலின்

பாசல் நகரில், வங்கியின் மூன்றாம் மாடிக்கு
ருகிலே வயலினைத் திருப்பிக் கொடுக்கப் போனாள்.
நான் துணைக்கு.
எப்போதுமே நான் துணைதான்;
சுவரொட்டியில் என் பெயர்
அவள் பெயருக்குக் கீழே, பாதி உயரத்தில் இருக்கும்.

பத்தொன்பது வயதில் போட்டியில் இரண்டாம் பரிசு.
அந்த ஆண்டு முதல் பரிசை யாருக்கும் தரவில்லை.
"ஆளில்லாத நாற்காலியிடம் தோற்றவள்" என்றுதான்
தன்னை அறிமுகம் செய்துகொள்வாள், சிரிக்காமல்.
ஆனாலும் வங்கி கூப்பிட்டுக் கொடுத்தது.
ஒப்பந்தத்தில் ஒரே நிபந்தனை:
கருவிக்கு முந்நூறு வயது ஆகலாம்.
வாசிப்பவளுக்கு முப்பத்தைந்து ஆகக்கூடாது.

பிறர் காய்ச்சலில் பிழைத்தாள் சில காலம்.
பெர்கனில் யாருக்கோ தொண்டை கட்டினால்
வில்னியஸில் இவள் தொலைபேசி அடிக்கும்.
ஆறு மணி நேரம், இரண்டு விமானம்,
பாதி ஒத்திகையில் ஒரு முழு கான்செர்ட்டோ.
விமானக் கழிவறையில் ஈரக்கையால்
கவுனின் சுருக்கத்தை நீவிக்கொண்டு நிற்பாள்.
ஒரு வருடம் நாற்பத்தேழு கச்சேரி.
அடுத்த வருடம் முப்பது.
பிறகு ஏஜென்டின் கடிதங்களில்
நலவிசாரிப்பு நீண்டது,
தேதிகள் குறைந்தன.

திருமதி சும்ஸ்டைன் வெள்ளைக் கையுறை போட்டிருந்தார்.
பூதக்கண்ணாடி, பட்டியல், கூர் சீவிய பென்சில்.
மேற்பலகையில் மயிரிழைக் கீறல்: பழையது.
விளிம்பில் தேய்வு: பழையது.
தாடை படும் இடத்தருகே
மிளகளவு வார்னிஷ் போயிருக்கிறது.
இது புதியது. எப்படி?

"தோடு" என்றாள் ருகிலே. "வார்சாவில்.
ஒரே ஒரு நாள் போட்டேன்."

தோடு, என்று எழுதிக்கொண்டார்.

அவள் இடது தாடைக்குக் கீழே
காபிக் கறை போல ஒரு தழும்பு உண்டு.
பக்கத்து இருக்கைக்காரர்கள் முத்தம் என்று நினைத்து
ஜன்னல் பக்கம் திரும்பிக்கொள்வார்கள்.
அதற்குப் பட்டியலில் இடமில்லை.

கையெழுத்து மூன்று இடத்தில்.
"பெட்டி என்னுடையது" என்று மட்டும் சொன்னாள்.

கீழே வரவேற்பறையில் ஒரு பையன்,
டேகுவிலிருந்து வந்தவனாம்,
கழுத்துத் தழும்பு இன்னும் இளஞ்சிவப்பு.
எங்களைப் பார்த்ததும் சட்டென எழுந்து
இடுப்பு மடியக் கும்பிட்டான்.
அவளுக்கா, காலிப் பெட்டிக்கா, தெரியவில்லை.
அவள் பெட்டியைக் கை மாற்றிக்கொண்டு நடந்தாள்.

டிராமில் அதைக் கால்களுக்கிடையே இடுக்கிக்கொண்டாள்,
திருடு போகக்கூடாததை இடுக்குவது போலவே.
"உனக்குப் புரியாது, ராடோவன்.
பியானோ எங்கே போனாலும் இருக்கும் உனக்கு."

இருக்கும்தான்.
பிர்னோவில் ஒரு கறுப்புக் கட்டை
அழுத்தினால் எழுந்திருக்காது.
லின்ஸில் பெடல் வாத்து மாதிரி கத்தும்.
கோஷித்ஸேயில், மூடியைத் திறந்தால் தந்திகளுக்குள்
யாருடைய கல்யாண மோதிரமோ கிடந்தது.
பழகிக்கொள்ள ஒரு மணி நேரம் தருவார்கள்.
பழகுவதற்குள் கைதட்டிவிடுவார்கள்.
இருபது வருடமாக ஒவ்வொரு இரவும்
முன்பின் தெரியாத ஒன்றின் முன் உட்கார்ந்து
நெடுநாள் உறவு போல நடிக்கிறேன்.
அவளுக்காவது பிரிய ஒன்று இருந்தது.

சொல்லவில்லை.
என் தாளில் அங்கே ஓய்வுக்குறி.

ரைன் பாலத்தில் டிராம் நின்றது, ஏதோ சிக்னல்.
வெள்ளிக்கிழமை கிராட்ஸில் கச்சேரி இருக்கிறது.
அவளுடைய புது வயலின் செய்து நான்கு மாதம்;
வார்னிஷ் வாசனை இன்னும் மூக்கைத் துளைக்கிறது.
தவணை கட்டுகிறாள்,
அதே வங்கியில்.

மடியில் வைத்துப் பெட்டியைத் திறந்தாள்.
ரோஜனக் கட்டி, துணி, உதிர்ந்த வில்மயிர் ஒன்று.
நடுவே கருநீல வெல்வெட்டில்
பதினாறு வருடம் படுத்திருந்ததன் பள்ளம்.
"புதுசு அடங்குமா இதில்?"
"கொஞ்சம் அகலம் ஜாஸ்தி."

கடிக்கும் செருப்பைத் தளர்த்துகிறவள் போல
பள்ளத்தின் ஓரத்தைக் கட்டைவிரலால்
அழுத்திக்கொண்டே வந்தாள்,
இறங்க வேண்டிய நிறுத்தம் தாண்டியும்.